யசிந்தா தெரிந்தெடுத்த சின்ன லப்டொப்

மன்னாரில், அரச அலுவலகமான கச்சேரிக்குப் போகும் வீதியில் யசிந்தாவின் தட்டச்சுக் கடையும் ஹுஸ்னியாவின் கடையும் சுவரோடு சுவராக இருந்தன. யசிந்தா கடை போட்டுப் பத்தொன்பது வருடம், ஹுஸ்னியா ஏழு வருடம். விண்ணப்பமும் சத்தியக் கடதாசியும் இருவரும்தான் அடித்தார்கள். ஆனால் பக்கத்துப் பள்ளிமுனைக் கிராமத்தில் யார் கண்மூடினாலும் முப்பத்தோராம் நாள் நினைவு மடல் யசிந்தாவிடம்தான் வரும். பூவும் கொடியுமாக வளைந்து நிற்கும் ஒரு தலைப்பு எழுத்துரு அவளுடைய கணினியில் மட்டுமே இருந்தது.

அவளுடைய நித்திரையைக் கெடுத்தது ஹுஸ்னியாவின் கையகல லப்டொப். எங்கேயோ பழையதாக வாங்கி, லினக்ஸ் என்று இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளத்தைப் போட்டிருந்தாள். சனம் கொண்டுவருகிற பென் ட்ரைவில் எத்தனை வைரஸ் இருந்தாலும் அது அசையவில்லை. கரண்ட் போனாலும் வேலை நடந்தது. யசிந்தாவின் பெரிய கணினிப் பெட்டியோ கிழமைக்கு ஒருமுறை படுத்தது. படுத்த நாட்களில் அடுத்த கதவுக்குள் நுழைந்தவர்களை அவள் தலை தலையாக எண்ணினாள். வயிற்றெரிச்சல் என்று சொன்னால் ஒப்பமாட்டாள். அது சுத்தமான வயிற்றெரிச்சல்தான்.

"அக்கா, நீங்களும் இப்பிடி ஒண்டு எடுங்கோவன். லினக்ஸை நான் போட்டுத் தாறன்" என்றாள் ஹுஸ்னியா ஒருநாள்.

"பாப்பம்" என்றாள் யசிந்தா. இவளிடம் போய்க் கேட்பதா? அதைவிடக் கடையைப் பூட்டலாம்.

ஒரு மாதம் ஒளித்து ஒளித்து வீடியோ பார்த்துப் படித்தாள். பிறகு பழைய பெட்டியையும் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினாள். கடைக்காரர் காட்டிய முதல் இரண்டையும் தள்ளினாள். ஒன்று ஹுஸ்னியாவுடையதைவிடப் பாரம், மற்றது அச்சாக அதே மாதிரி. மூன்றாவதைத் தன் பென் ட்ரைவில் இருந்த லினக்ஸால் இயக்கிப் பார்த்தாள். வைஃபை பிடித்தது. ஸ்பீக்கரில் சத்தம் கேட்டது. மூடித் திறந்தால் உடனே விழித்தது.

"மிஸ்ஸுக்கு எல்லாம் தெரியுது" என்றார் கடைக்காரர். ஹுஸ்னியாவின் காதில் அது விழவில்லையே என்று அவளுக்குக் கவலையாக இருந்தது. தன் கோப்புகளைப் பென் ட்ரைவில் எடுத்துக்கொண்டு, பழைய பெட்டியை மாற்றாகக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஹுஸ்னியாவின் கண்ணில் படும்படி அதை வாசலோரம் வைத்தாள். மூன்றாம் நாள் பள்ளிமுனைக் கொலின்ஸ் வந்தான்.

"அப்பாவின்ர முப்பத்தொண்டுக்கு, அம்மாவுக்கு அடிச்ச மாதிரியே மடல் வேணும் அக்கா. நாளைக்குக் காலமைப் பூசையில குடுக்கோணும்."

அவனுடைய அம்மாவின் மடலைத் திறந்தாள். திரை முழுவதும் தாறுமாறான ஆங்கில எழுத்துகள். பத்தொன்பது வருட மடல்களும் அப்படியே கிடந்தன. கோப்புகளைக் கொண்டுவந்தவள், அவற்றைத் தமிழாகக் காட்டும் பழைய எழுத்துருக்களைப் பெட்டியோடு விட்டுவிட்டு வந்திருந்தாள். வவுனியாவுக்குப் போன் எடுத்தாள். அந்தப் பெட்டியை அன்றைக்கே துடைத்து விற்றுவிட்டார்களாம்.

கொலின்ஸ் அடுத்த கடைப் பக்கம் பார்த்தான். அவன் எழும்புவதற்குள் யசிந்தா எழும்பினாள். அடுத்த வாசலில் போய் நின்றாள்.

"பிள்ளை, ஒருக்கா வாறியா?"

ஹுஸ்னியா உடனே வந்தாள். திரையைப் பார்த்ததும் திரும்பிப் போய்த் தன் பென் ட்ரைவை எடுத்துவந்தாள். அவள் செருகிய பென் ட்ரைவில் ஒரு கோப்புறையின் பெயர், 'யசிந்தா அக்கா தந்தது'.

"நான் கடை திறந்த கிழமை நீங்கள்தானே எழுத்தெல்லாம் தந்தனீங்கள். நான் அழிக்கவேயில்லை."

எழுத்துருக்களைப் போட்டதும் கொலின்ஸின் அம்மா பெயர் தமிழில் வந்தது. பிறகு செபம், பிள்ளைகளின் பெயர்கள். தலைப்பு மட்டும் ஆங்கில எழுத்தாகவே நின்றது. ஹுஸ்னியா கோப்புறையை இரண்டு தரம் தேடினாள்.

"தலைப்பு எழுத்து இதில இல்லையே அக்கா. தரேக்க மறந்துபோனீங்கள் போல."

யசிந்தா மறக்கவில்லை. அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் தெரிந்தே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுத்தவள் அவள்.

"ஓம் பிள்ளை" என்றாள். "மறந்துபோனன்."