திருடனுக்குக் கொடுத்த தள்ளுபடி

திருடனுக்குத் தள்ளுபடி கொடுத்து அனுப்பியவன் நான். அதோடு விட்டேனா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் பைக்கில் வைத்து, பல்பு எரியாவிட்டால் கொண்டு வா தம்பி, மாற்றித் தருகிறேன் என்று உத்தரவாதமும் கொடுத்தேன். இத்தனைக்கும் உத்தியோகக் காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் சாயங்காலம் வரை அவரை வீட்டுக்கு விடமாட்டேன்.

கடை என் மனைவியுடையது. கிழக்குத் தாம்பரத்தில், சர்ச்சுக்குப் போகிற தெருவில், வாழ்த்து அட்டையும் மெழுகுவர்த்தியும் பரிசுப் பொருளும் விற்கிற சின்னக் கடை. ரிட்டயரான பிறகு நான் வீட்டில் உட்கார்ந்து, ஃபேன் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தொல்லை தாங்காமல் காலை வேளையில் கல்லாவில் உட்கார அனுமதித்தாள். தெருவில் போகிறவர்கள் "என்ன சார், வியாபாரம் எப்படி?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டேன்.

ஆனால் பதவி நிரந்தரமில்லை. போன கிறிஸ்துமஸுக்கு, அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல், உள்ளே பல்பு போட்டு வாசலில் தொங்கவிடுகிற காகித நட்சத்திரங்களை வாங்கிக் குவித்துவிட்டேன். பாதிகூட விற்கவில்லை. மீதி பரணுக்குப் போயிற்று. இன்னொரு தடவை இப்படி ஏதாவது செய்தால் கல்லாப் பக்கமே வரக் கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டாள். ஒரு தவறு செய்தாயிற்று, இனி இன்னொன்றுக்கு இடமில்லை என்ற நிலையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அன்று அவள் படப்பையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், சுள்ளென்ற வெயில், வியாபாரமே இல்லை. வந்த ஒருவர் இருவரும் போனில் பணம் அனுப்பிவிட்டுப் போனார்கள். கல்லாவில் சில்லறையோடு ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டுதான் இருந்தது. அப்போது ஹெல்மெட்டும் கையுமாக ஒரு இளைஞன் வந்தான். அங்கிள், அங்கிள் என்று அவ்வளவு மரியாதை. மேல் தட்டிலிருக்கும் வாழ்த்து அட்டையைப் பார்க்க வேண்டும் என்றான். ஸ்டூலில் ஏறி எடுத்தேன்.

ஏறும்போது கல்லா திறந்திருந்தது. இறங்கியபோது மூடியிருந்தது. நான் கல்லாவை மூடியதாகச் சரித்திரமே இல்லை. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கோ, பரவாயில்லையே, நல்ல பழக்கம் வந்துவிட்டதே என்று பெருமைதான் வந்தது.

அட்டை பிடிக்கவில்லை என்று அவன் கிளம்பினான். நான் விடுவேனா? பரணில் இடம் போதாமல் ஒரு நட்சத்திரப் பெட்டி மேசைக்கடியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு வாசலை மறித்தேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது, கிரகப்பிரவேசத்துக்குத் தொங்கவிடலாம், கார்த்திகைக்குத் தொங்கவிடலாம் என்று ஆரம்பித்தேன். நானூறு ரூபாய் நட்சத்திரத்தை முந்நூற்றைம்பதுக்கு இறக்கினேன். பல்பும் ஒயரும் இலவசம் என்றேன். பாவம், அவனுக்கும் தப்பிக்க வேறு வழி தெரியவில்லை. பாக்கெட்டிலிருந்து ஐந்நூறு ரூபாயை நீட்டினான். மீதி நூற்றைம்பதைக் கொடுத்து, ஆசீர்வாதமும் செய்து அனுப்பினேன்.

மத்தியானம் கல்லாவைப் பார்த்தால் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றுதான் இருக்கிறது. இரண்டல்லவா இருக்க வேண்டும்? பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டேன். எங்கள் கடைக்குக் கேமரா மாட்டியவர் அவர்தான். இருவருமாகப் படத்தைப் பார்த்தோம். நான் பெரும்பாலும் முதுகாகவே வந்திருந்தேன்.

"இன்னா சார் இது? நீ மேல ஏறிகினு கீற, அவன் கீழ எடுத்துகினு கீறான். அப்பால அவனையே நிக்க வெச்சி ஸ்டார் விக்கிற!"

போலீஸுக்குப் போகலாம் என்றார். அந்தப் படத்தை ஸ்டேஷனில் போட்டுக் காட்டச் சொல்வார்களே என்று மறுத்துவிட்டேன். சரி, நஷ்டம் எவ்வளவு? அவர் விரல்விட்டு எண்ணினார். திருடிய ஐந்நூறு, நட்சத்திரம் முந்நூற்றைம்பது, மீதி கொடுத்த நூற்றைம்பது, ஆக ஆயிரம். எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு விழித்துக்கொண்டது. போன நோட்டு என் கை வழியாகவே திரும்பி வந்துவிட்டதே! போனது மீதியும் நட்சத்திரமும் மட்டும்தான். ஆகவே ஐந்நூறு. அதிலும் நட்சத்திரத்தை நான் வாங்கிய விலை இருநூற்றைம்பதுதான். ஆகவே நானூறு. அதையும் யார் வாங்கப் போகிறார்கள்? விற்காத சரக்குக்கு விலை ஏது? ஆகவே நூற்றைம்பது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் லாபத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

"அப்ப அவனுக்கு நீதான் சார் துட்டு குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் கடைக்குப் போனார்.

சாயங்காலம் அவள் கல்யாணத் தாம்பூலப் பையோடு வந்து இறங்கினாள். தண்ணீர் கொடுத்தேன். ஃபேனைப் பெரிதாக வைத்தேன். நூற்றைம்பது ரூபாய் என்ற இடத்தை முதலில் சொல்லிவிட்டு, மற்றதைப் பின்னால் மெதுவாக அவிழ்த்தேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நட்சத்திரத்துக்கு விலையே இல்லை என்று நான் சொன்ன இடத்தில் மட்டும் நிறுத்தினாள்.

"வர்ற டிசம்பர்ல ஒருத்தர் வந்து ஸ்டார் கேப்பாங்க. அப்ப அத நாம திரும்பக் காசு குடுத்துத்தானே வாங்கணும்? அந்தக் காசு யாரோடது?"

நூற்றைம்பது மறுபடி நானூறாயிற்று. பல்பு எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டாள். புதிதாக வந்த பெட்டியிலிருந்து என்றேன். ஒயர்? அதுவும்தான். நானூறு அங்கிருந்தும் நகர ஆரம்பித்தது. என் சர்வீஸில் எத்தனை பேரை இப்படி உட்கார வைத்துக் கேட்டிருப்பேன்! எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியில் ஒன்றும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, நாளைக்கு வழக்கம்போல நானே போய்க் கடையைத் திறந்துவிடுகிறேன் என்றேன்.

"நான் தொறந்துக்கிறேன், நீங்க கொழம்பு வைங்க."