பகலில் தூங்க ஓர் அறை

கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்கள் மொய்க் கவர் கொண்டுபோவார்கள். போன வருடம் முழுக்க என் கைப்பையில் கவரோடு ஓர் அளவு டேப்பும் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, நாலு தெரு தள்ளி வாங்கிய மனையில் சொந்த வீடு கட்டத் திட்டம் போட்டிருந்தோம். உள்ளே எதை எங்கே வைப்பது என்று யோசனை பிடிக்கப் புது வீடுகளைப் போல வசதியான இடம் கிடையாது. பால் காய்ச்சிய அன்று மட்டும் யார் வேண்டுமானாலும் குளியலறை வரை நுழைந்து பார்க்கலாம். அலமாரியைத் திறந்தால் வீட்டுக்காரரே பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வார்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் போனில் படங்கள் சேர்த்தாள். எல்லாவற்றிலும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி ஜன்னல், ஒரு சோபா, ஒரு செடி. மனிதர்கள் யாரும் இல்லை. என் மாமியாருக்கு வீட்டின் நடுவில் பூஜை அறை வேண்டும், கதவில் வரிசையாக மணிகள் தொங்க வேண்டும். எனக்குக் கை எட்டும் உயரத்தில் சமையலறை அலமாரி. என் கணவர் கேட்டது இருட்டு.

அவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும், எட்டு மணிக்குப் படுப்பார். வாடகை வீட்டுப் படுக்கையறையோ கிழக்குப் பார்த்தது. ஜன்னலில் போர்வை, கண்ணில் ஈரத் துண்டு. எட்டரைக்கு மீன்காரரின் ஒலிபெருக்கி, ஒன்பதுக்கு எதிர்வீட்டுக் குக்கர், பத்துக்குப் பழைய இரும்பு வாங்குபவர். ஒரு வாரம் நேரம் குறித்தேன். செய்தித்தாளில் வேலை பார்த்த பழக்கம். விடாமல் அவர் தூங்கிய அதிகபட்ச நேரம் ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒருநாள் மெஷின் முன்னால் நின்றபடியே கண் சொருகிவிட்டது என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அலமாரியைப் பற்றிப் பேசவில்லை.

"நைனா, வெளிச்சம்தான் இப்ப டிரெண்டு" என்றாள் மகள்.

"அதான் எங்க பாத்தாலும் கீதே. அது இல்லாத எடமா ஒண்ணு பாரு."

போகிற வீட்டிலெல்லாம் மற்றவர்கள் டிவி அலமாரியைச் சுற்றி நிற்க, இவர் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நிற்பார். சுவரைத் தட்டிப் பார்ப்பார். வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார். ஆறு வீடுகள் தேறவில்லை.

ஏழாவது, மணவாள நகரில் அவருடைய அண்ணன், பெரியப்பா மகன், கட்டிய வீடு. அன்று இரவு ஷிஃப்ட் முடித்து நேராக அங்கேயே வந்தார். குழாயடியில் முகம் கழுவி, நான் கொண்டுபோன சட்டையை மாட்டிக்கொண்டு, பொங்கலும் வடையும் சாப்பிட்டார். ஒன்பதேகாலுக்கு இலையிலிருந்து எழுந்ததைப் பார்த்தேன். பிறகு ஆளைக் காணவில்லை. அவர் போன் என் பையில் இருந்தது. தெருவில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது.

"எங்கனா டீ குடிச்சிக்கினு இருப்பான், உடு" என்றார் மாமியார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு, வெயிலில் வந்தவர்கள் உட்காரப் பாய் எடுக்கப் போன அண்ணன் மனைவி, மாடிப்படிக்குப் பின்னால் இருந்த சின்ன அறையைத் திறந்து கத்தினார்.

"ஐயோ, இங்க யாரோ ஆம்பள படுத்துக்கினு கீறாரு!"

எல்லோரும் ஓடினோம். சுருட்டி வைத்த பாய்களுக்கு நடுவில், தேங்காய் போட்ட தாம்பூலப் பையையே தலைக்கு வைத்து, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார் என் கணவர்.

அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றார். "இன்னாடா இது! கட்ன நானே இந்த ஊட்ல இன்னும் ஒரு கண்ணு மூடல. மொத தூக்கத்த நீ போட்டுட்டியா?"

"கொழுந்தனாருக்கு ஒரு தலகாணி குடுத்தியா நீ? தப்பு நம்ம மேல" என்றார் அண்ணி.

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மானத்த வாங்கிட்டான். எழுப்பும்மா அவன."

நான் டேப்பை எடுத்தேன். எட்டடிக்கு ஏழடி. நாலு சுவருக்கும் அந்தப் பக்கம் வேறு அறைகள். தெருவைத் தொடும் சுவர் ஒன்றுகூட இல்லை. ஜன்னல் கிடையாது, மேலே படிக்கட்டு இடுக்கில் திறக்கும் ஒரு காற்றுத் துளை மட்டும். கதவைச் சாத்தினால் மைக் செட் மூன்று தெரு தள்ளிப் பாடியது. டேப் சர்ரென்று சுருங்கிய சத்தத்தில்தான் அவர் விழித்தார். மூன்று மணி நேரத்துக்கும் மேல் தூங்கிய முகம். சுற்றி நின்ற கூட்டத்தைக் கண்டு வெட்கப்படக்கூட இல்லை.

"அண்ணா, இந்த ரூம் யாரு ஐடியா?"

"ஐடியாவா? மேஸ்திரி படிய தப்பான எடத்துல போட்டுட்டான். மிச்சம் உழுந்த பொந்துடா அது. இடிச்சிட்லாமான்னு யோசிச்சிக்கினு கீறேன்."

சிக்கல் வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. எங்கள் வரைபடத்தில் நாலு பக்கமும் அறைகள் சூழ்ந்த இடம் ஒன்றுதான்: மாமியாரின் பூஜை அறை. அதை அவரிடம் கேட்க எங்கள் இருவருக்குமே துணிவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வரைபடத்தை மடியில் விரித்து, அந்தக் கட்டத்தின் மேல் அவரே விரலை வைத்தார். பிறகு இரண்டு நாள் வரைபடத்தைத் தன் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை, மீன்காரர் கடந்துபோனதும், கழுத்தில் ஈரத் துண்டோடு என் கணவர் எழுந்து வந்து சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமி ராவும் பகலும் முழிச்சிக்கினே கீறவரு" என்றார் என்னிடம். "அவுருக்கு வெளிச்சத்துல இன்னா பேஜாரு? ஹால்ல கெழக்க பாத்து வெச்சிடு. கதவுல மணி வேணாம். இவன் எழுந்துக்குவான்."

அந்த வாரமே இன்ஜினியரை வரவழைத்தோம். சுவருக்குள் வளைந்த குழாய் வைத்தால் காற்று வரும், வெளிச்சம் வராது என்று அவரே வழி சொன்னார். ஒரு மின்விசிறி அழுக்குக் காற்றை வெளியே தள்ளும். வரைபடத்தில்தான் தகராறு.

"ஜன்னல் இல்லாம பெட்ரூம்னு எழுத முடியாதும்மா. ஸ்டோர் ரூம்னு போட்டுடட்டுமா?"

"போடு" என்றார் மாமியார்.

"ஸ்டோருன்னா ஸ்லாப் வரணும். இன்னா சாமான் வெப்பீங்க?"

மாமியார் போர்வை தொங்கிய படுக்கையறைப் பக்கம் கை காட்டினார். "எம்புள்ளய."

இன்ஜினியர் பென்சிலை எடுத்தார். ஆள் எவ்வளவு உயரம் என்று மட்டும் கேட்டார்.