இடது கால் பூட்ஸில் பூனைக்குட்டிகள்

என் வாழ்நாளில் நான் நேரில் பார்த்த ஒரே திருட்டு, ஆம்பூரில் அத்தை வீட்டில் நடந்ததுதான். அது நடந்தபோது நான் அங்கே இல்லை என்பது ஒரு சின்னக் குறை. ஆனால் துப்பு துலக்கியது நான். நாலாம் வகுப்பு முடிகிற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லித் தோழிகளின் காதைப் புண்ணாக்கினேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கணவர் நான் பிறக்குமுன்பே போய்விட்டார், பிள்ளைகள் கிடையாது. ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வுபெற்று, ஆம்பூரில் தனியாக இருந்தாள். எங்களோடு வந்துவிடும்படி அப்பா அவளைக் கெஞ்சாத பண்டிகை இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான் வரும்.

"எனக்கு இன்னாடா கொறச்சல்? நான் ஒரு தும்மல் போட்டா எதுத்த வூட்ல வெந்நி வெப்பாங்க."

அந்த வருஷம் அவளுக்குக் கண்ணில் புரை வந்து வேலூரில் ஆபரேஷன் ஆனது. அங்கே பாகாயத்தில் இருந்த எங்கள் வீட்டில்தான் தங்கினாள். கறுப்புக் கண்ணாடியோடு அவள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது பெரிய போலீஸ் அதிகாரியே வீட்டுக்கு வந்துவிட்டதுபோல எனக்குப் பெருமையாக இருக்கும். சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. அம்மா என்னைத் திட்ட வாயெடுத்தால், "கொழந்தைய இன்னாத்துக்கு மெரட்டுற?" என்று அத்தை முந்திக்கொள்வாள். இப்படி ஒரு பாதுகாப்பு கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? அவள் திரும்பிப் போகவே கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

அவளோ கண்கட்டைப் பிரித்த நாளிலிருந்து தன் தெருவின் புகழையே பாடிக்கொண்டிருந்தாள். கிளம்புகிற அன்று பேக்கரிக்குப் போய் வெண்ணெய் பிஸ்கட் பெரிய பாக்கெட்டாக இரண்டு வாங்கிவந்தாள். எனக்குத்தான் என்று கையை நீட்டினேன். பட்டென்று கையில் ஒரு தட்டு விழுந்தது. "கண்ணு எப்டி கீதுன்னு தெருவே வந்து நிக்கும். வர்றவங்களுக்கு வெறும் டீயா குடுக்கறது?"

அத்தையைக் கொண்டுபோய் விட அப்பாவும் நானும் கூடப் போனோம். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவே இல்லை. தோல் பதனிடுகிற வாடை வந்ததும் அத்தை மூக்கை நன்றாக இழுத்து, "ஊர் வந்துடுச்சு" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் சாமி எனக்காக ஒரு திருடனை அனுப்பி வைத்திருந்தது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாளோடு பெயர்ந்த பூட்டு படியோரம் கிடந்தது. அப்பா, "உள்ள போவாத!" என்று கத்துவதற்குள் நான் உள்ளே போயிருந்தேன். அங்கே நான் கண்ட காட்சியை இன்று நினைத்தாலும் கை பரபரக்கிறது. கூடம் முழுக்க ஷூக்கள்! கறுப்பு, பழுப்பு, சிவப்பு, ஹீல்ஸ் வைத்தது, பூ வேலை செய்தது, முழங்கால்வரை ஏறும் பூட்ஸ். எல்லாவற்றையும் யாரோ வரிசை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள்.

அத்தையின் ட்ரங்க் பெட்டியில் இருந்தவை அவை. வெளிநாட்டுக்காரர்களுக்கு மாடல் காட்ட ஒரு கால் ஷூ போதும் என்பதால், கம்பெனியில் சாம்பிளை ஒரு காலுக்குத்தான் தைப்பார்களாம். வேண்டாமென்று ஒதுக்கியதையெல்லாம் அத்தை கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருந்தாள். அத்தனையும் இடது கால். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு கிடைத்துவிட்டது என்று திருடன் பெட்டியைக் கொட்டியிருக்கிறான். பிறகு பாவம், தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஜோடி தேடியிருக்கிறான்! அத்தைக்கும் அது புரிந்துவிட, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அப்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மிக்ஸியையும் சிலிண்டரையும் காணோம்.

அப்பா போன் செய்ததும் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"வேற இன்னாம்மா போச்சு?"

"ட்ரங்க் பெட்டிங்க."

"உள்ள இன்னா இருந்துச்சு?"

"அதெல்லாம் இங்கதாங்க கீது."

அவர் ஷூக்களைப் பார்த்தார், அத்தையின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, எப்போ நடந்துச்சு? கதவு எப்பலேர்ந்து தொறந்து கீது?"

அதுதான் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீடு ஷூ சோல் வைக்கும் கோடவுனாகிப் பூட்டிக் கிடந்தது. அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்த பையன்கள் விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு வருகிறவர்கள். எதிர்வீட்டுப் பாயம்மா மட்டும், தைத்துக்கொண்டிருந்த ஷூவின் மேல்தோலைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். வெந்நீர் வைப்பதாக அத்தை சொல்வது இவரைத்தான்.

"யா அல்லா! நேத்துலேர்ந்துதான் தொறந்திருக்குதுன்னு நெனைக்கறேன். நீங்க வந்துட்டீங்கன்னு நெனச்சேன்க்கா. இன்னிக்கு வந்து கண்ணு எப்டி இருக்குன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

"பாத்தியாடா?" என்பதுபோல அத்தை அப்பாவைப் பார்த்தாள். என் நெஞ்சில் இடி விழுந்தது. இத்தனை பெரிய திருட்டு நடந்தும் அத்தை நகரமாட்டாள் போலிருந்தது. பிஸ்கட் பாக்கெட்டைக்கூடப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் மூலையில் சாய்ந்து கிடந்த உயரமான பூட்ஸுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் வந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே மூன்று பூனைக்குட்டிகள்! ஒன்றைக் கையில் எடுத்தேன். அது பளிச்சென்று என்னைப் பார்த்தது.

பூனை விஷயத்தில் நான் சாதாரண ஆள் இல்லை. எங்கள் தெருப் பூனை குட்டி போட்டபோது ஸ்கூல் விட்டதும் ஓடிப்போய், கண் திறந்துவிட்டதா என்று ஒரு வாரத்துக்கு மேல் நாள்தோறும் பார்த்துப் பார்த்து அலுத்தவள். பூட்ஸின் உள்துணியில் ரத்தக் கறை காய்ந்து ஒட்டியிருந்ததையும் கவனித்தேன். எல்லாம் ஒரு நொடியில் புரிந்துபோனது. குட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கத்தினேன்.

"நேத்து இல்ல! பூனை இதுக்குள்ளதான் குட்டி போட்டிருக்கு! குட்டிங்க கண்ணு தொறந்துடுச்சு! அப்பன்னா கதவு தொறந்து ஒரு வாரத்துக்கு மேல ஆவுது!"

போலீஸ்காரர் குட்டியை வாங்கிப் பார்த்து, "பாப்பா சொல்றது கரெக்ட்டுதான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா எதற்கோ என்னை முறைத்தார். பாயம்மா கையிலிருந்த தோலை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

அத்தை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். தானும் துப்பு துலக்குவதுபோலத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஒரு வாரமா நான் வந்துட்டேன்னா நெனச்சினு இருந்த?"

"தையல் வேலை ஜாஸ்திக்கா... நாள் போனதே தெரியல..."

"அதுக்கு இன்னா. உனக்கும் வேலை இருக்கில்ல" என்று அத்தை மெதுவாகச் சொன்னாள். பிறகு பிரித்த பிஸ்கட் பாக்கெட்டில் ஒரு கை அள்ளிப் பாயம்மாவின் பிள்ளைகளுக்கென்று கொடுத்துவிட்டு, மீதியை அப்படியே என் கையில் வைத்தாள். அப்பாவிடம் திரும்பி, "வண்டி ஒண்ணு பேசுடா. போலாம்" என்றாள்.

போலாம்! அந்த ஒரு சொல்லுக்கு நான் குதித்த குதியில், அப்போதுதான் வாசலுக்கு வந்த தாய்ப் பூனை மதில் ஏறி ஓடிவிட்டது. அது திரும்பி வரும்வரை காத்திருந்து, குட்டிகளோடு கூடையில் பிடித்துப் போட்டோம். சாயங்காலம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டியில் இடது கால் ஷூ மூட்டை, பூனைக் குடும்பம், அத்தை, அப்பா, நான், எல்லோருமாக வேலூருக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் அத்தை மடியில் உட்கார்ந்து, மீதி பிஸ்கட்டையெல்லாம் நானே தின்று தீர்த்தேன். அதைவிடச் சந்தோஷமான பயணம் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. அத்தை வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் செய்த கண்ணில் காற்று படக்கூடாது என்று கண்ணாடியை எடுத்து நானே போட்டுவிட்டேன்.

திருட்டுக்குப் பயந்து அக்கா வந்துவிட்டதாக அப்பா எல்லோரிடமும் சொன்னார். அத்தையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். எதிர்வீட்டு வெந்நீர்க் கதையை மட்டும் அதன் பிறகு அவள் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை. யாராவது திருட்டைப் பற்றி விசாரித்தால் என்னைப் பக்கத்தில் இழுத்து, தலையைத் தடவி, "இவதான் கண்டுபுடிச்சா" என்பாள்.

திருடன் எப்போது வந்தான் என்பதைத்தான் சொல்கிறாள் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.