நாலு பேர் சேர்ந்தால்தான் சோறு

அபுதாபியில் எங்கள் கட்டுமானக் கம்பெனிக்கு ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. நான் கோல்கீப்பர், கேப்டனும் நானே. ஃபார்வர்டு ஆடியவன் என் மனைவியின் தம்பி. பெயருக்கு ஸ்டோரில் டூட்டி, உண்மையில் பந்து உதைக்கத்தான் சம்பளம். என்ன ஆட்டம் ஆடுவான் தெரியுமா! ஆனால் புகழ் தலைக்கு ஏறியிருந்தது.

டீமில் பெரும்பாலோர் எங்கள் கடற்கரை ஊர்க்காரர்கள். கேம்ப் மெஸ்ஸிலும் ஊர் வழக்கம்தான். சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். சமையல்காரரை எல்லோரும் காக்கா என்போம். எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். நாலு பேர் சேராமல் அவர் சோறு வைக்க மாட்டார்.

கப் ஃபைனலுக்கு மூன்று நாள் முன்பு மச்சினன் தனியாக வந்து சோறு கேட்டான். "இன்னும் மூணு பேர் வரட்டும், தம்பி" என்றார் காக்கா. பளாரென்று அறைந்துவிட்டான். தன் தகப்பன் வயது மனிதரை!

எனக்கு ரத்தம் கொதித்தது. "காக்காகிட்ட எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேளு. இல்லேன்னா வெள்ளிக்கிழமை நீ ஆட மாட்டே" என்றேன்.

"நான் இல்லாம ஜெயிச்சுக் காட்டுங்க மச்சான்" என்று சிரித்தான்.

காக்காவோ, "விடுங்க தம்பி, எனக்காக கப்பை விட்டுறாதீங்க" என்றார். அதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் ஏறியது.

மெட்ராஸ்காரரான மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "கிச்சன்ல அவன் என்ன பண்ணான்ங்கறது எனக்கு வேண்டாம். கிரவுண்ட்ல கோல் போடறானா, அதான் பேச்சு. கலாஸ், அவ்வளவுதான்!"

"அவன் ஆடினா நான் ஆடல சார். என் வேலையைப் பறிச்சாலும் சரி."

வீராப்பாகச் சொல்லிவிட்டேன். ஊரில் மாமியார் வீட்டு வாசலை இனி எப்படி மிதிப்பது? டீமில் மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. எல்லாம் கப் ஆசை என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சாப்பிட வந்தோம். மச்சினன் வழக்கம்போல் நடுவில் ஒரு சஹன் முன் உட்கார்ந்தான். ஒருவர்கூட அவனுடன் உட்காரவில்லை. நான் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அல்லாஹ் அறிய! அவனோடு ஒரே ரூமில் இருந்தவன்கூட வேறு சஹனுக்குப் போய்விட்டான். மச்சினன் வெறும் சஹனைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். வாயில்லாப் பூச்சிகள் என்று நான் நினைத்த பயல்கள்! ஒவ்வொருவனையும் கட்டிப் பிடிக்கத் தோன்றியது.

அன்று சாயங்காலம் ஃபைனலுக்கு மச்சினன் வரவில்லை. அவன் இல்லாமலே ஆடினோம். மணல் மைதானத்தில் உயிரைக் கொடுத்து ஆடியும் தோற்றோம். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார். என் வேலையை மட்டும் பறிக்கவில்லை.

அடுத்த வெள்ளி எல்லோரும் உட்கார்ந்த பிறகு மச்சினன் வந்தான். நேரே சமையல்கட்டுக்குப் போய், காக்காவின் கையைப் பிடித்து அழைத்து வந்து ஒரு சஹன் முன் உட்கார வைத்தான்.

"பெரிய தப்பு பண்ணிட்டேன் காக்கா. மன்னிச்சிருங்க" என்றான். மெஸ் முழுக்கக் கேட்டது.

காக்கா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு சுற்றிலும் பார்த்து, "இன்னும் ரெண்டு பேர் வேணுமே" என்றார்.

அவனுடைய ரூம்காரன் எழுந்து போனான். நாலாவதாக நான் போய் உட்கார்ந்தேன். காக்கா பழக்கத்தில் சோறு எடுக்க எழப் போனார். மச்சினன் அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தான்.

"நீங்க இருங்க காக்கா, நான் வைக்கிறேன்."

அறைந்த அதே கையால் சோறு அள்ளி வைத்தான். நான் ஆடிய டீம் அது. இன்றைக்கும் மார்தட்டிச் சொல்வேன்.