நாற்பத்து மூன்றாவது அட்டை

முஹ்ஸின் பதினெட்டு வருடம் மலைநாட்டுச் சிறை ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். வீடு அம்பிட்டியவில். வேலைக்கு நடந்துதான் போவார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவருக்கு நன்றாக வரும்; ஆனால் எந்த மொழியிலும் அதிகம் பேசியவர் அல்லர். கைதி சொன்னதை அதிகாரிக்கும் அதிகாரி சொன்னதைக் கைதிக்கும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே தன் தொழில் என்று நினைத்தார். அது நேர்மையா, பயமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1934இல் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஹெஸ்லொப் என்ற ஆய்வாளர் வந்தார். இந்தத் தீவில் மனிதர்கள் ஏன் கொலை செய்கிறார்கள் என்று கண்டறிய வேண்டுமாம். கைதிக்கு ஓர் அட்டை, அட்டைக்கு இருபத்தாறு கேள்விகள். எல்லாரிடமும் ஒரே கேள்வி, ஒரே சொற்களில், ஒரே வரிசையில். கெட்ட மனிதர் அல்லர். கைதிகளை நிற்க வைக்காமல் கதிரை கொடுத்தார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அதன் நுனியில் மட்டும் உட்கார்ந்தார்கள்.

ஹெஸ்லொப் பார்த்த நாற்பத்து மூன்றாவது தோட்டத்து ஆள் செல்லச்சாமி. சிறைக்கு மேலே எழும் ஹந்தானை மலைத் தோட்டத்தில், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஒருவரை வெட்டிக் கொன்றவன். தூக்குத் தண்டனை விதித்தாகிவிட்டது. கருணை மனு ஆளுநருக்குப் போகவிருந்தது. மனுவோடு அனுப்ப ஒரு குறிப்பு எழுதித் தரும்படி சிறை அத்தியட்சகர் ஹெஸ்லொப்பைக் கேட்டிருந்தார். முன்யோசனை இல்லாத கொலை என்று அவர் எழுதினால் உயிர் தப்பக்கூடும்.

பதினான்காவது கேள்வி அதுதான். கொல்லும் எண்ணத்தோடு கத்தியை எடுத்துப் போனாயா?

"ஆமாங்க தொரை" என்றான் செல்லச்சாமி.

முஹ்ஸின் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அட்டையில் 'முன்திட்டம்' என்ற கட்டத்தில் குறி விழுந்தது.

செல்லச்சாமி சிறையறைக்குத் திரும்பும் வழியில், கூடப் போன முஹ்ஸின் வழக்கத்துக்கு மாறாக வாய் திறந்தார்.

"கத்திய எங்கயிருந்து எடுத்த?"

"எடுக்கிறது என்னங்க ஐயா, கையிலதானே இருந்திச்சி. தேயிலையில கவ்வாத்து வெட்டிட்டு மலையிலயிருந்து எறங்கி வர்றேன், நாங்க குடியிருக்கிற காம்பராச் சாமானெல்லாம் மழையில கெடக்கு. பொஞ்சாதி பாப்பம்மா புள்ளையோட நனைஞ்சிக்கிட்டு நிக்கிறா. கங்காணி எங்க காம்பராவ அவரு மச்சானுக்குக் குடுத்திட்டாராம். ஏன்னு கேட்டேன். வெறகுக் கட்டையால போட்டாரு. பொறவு என்னா நடந்திச்சின்னு எனக்கே தெரியலீங்க."

"இத ஏன் தொரைகிட்ட சொல்லல்ல?"

"அவரு கேக்கலீங்களே."

"இல்லண்டாவது சொல்லியிருக்கலாமே."

செல்லச்சாமி சிரித்துவிட்டான். "ஐயா டவுன்காரரு. தொரைகிட்ட இல்லீங்கன்னு சொன்ன ஆள எங்க தோட்டத்துல நான் பாத்ததே இல்ல."

"கோர்ட்டில?"

"அங்கயும் ஒரு தொரைதானுங்களே ஒக்காந்திருந்தாரு."

இது முஹ்ஸினுக்குப் புதிய செய்தி அல்ல. துரை கேட்டால் தோட்டத்து ஆள் மறுத்துப் பேசமாட்டான் என்பதை அவர் முதல் வாரத்திலேயே அறிந்திருந்தார். முன்பு வந்த நாற்பத்திரண்டு பேரின் 'ஆமாங்க'வையும் அது தெரிந்தே மொழிபெயர்த்திருந்தார். அவர்களுக்குத் தண்டனை ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அட்டையால் ஒன்றும் மாறாது என்று எண்ணியிருந்தார்.

வீட்டில் மனைவி ருக்கியாவிடம் சொன்னார்.

"அந்த வெள்ளக்காரனுக்கு வெளங்கப்படுத்துங்களே. வாய் ஒண்டு ஈக்கிதானே?"

"மத்த ஆக்களுக்கு ஏன் சொல்லல்லண்டு கேப்பான்."

"கேக்கட்டுமே. அதுக்காக உங்கள யாரும் தூக்கில போட மாட்டாங்க."

அதன் பிறகும் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்.

ஹெஸ்லொப் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, மற்றத் தோட்டத்து ஆட்களும் இப்படித்தானா என்று கேட்டார். ஆம் என்றார் முஹ்ஸின். ஹெஸ்லொப் அட்டைப் பெட்டியை அருகில் இழுத்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவருக்குக் கப்பல்.

"இவனிடம் மட்டும் வேறு விதமாகக் கேட்டால் அது ஆய்வு அல்ல, இரக்கம்" என்றார்.

"இரக்கம் கேட்டுத்தானே ஐயா மனு போகிறது" என்றார் முஹ்ஸின்.

ஹெஸ்லொப் நாற்பத்து மூன்றாவது அட்டையை எடுத்து நீட்டினார். செல்லச்சாமி சொன்னதை அட்டையின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னார். முஹ்ஸின் பதினொரு வரி எழுதினார். ஆய்வின் அட்டவணைக்கு எண்ணப்பட்டது முன்புறம் மட்டுமே. மனுவோடு போன குறிப்பு, ஆய்வாளரின் பதிவு தீர்ப்போடு ஒத்துப்போகிறது என்றது. மொழிபெயர்ப்பாளர் வேறு விதமாகக் கருதுகிறார் என்று ஒரு வாக்கியமும் அதில் இருந்தது. ஹெஸ்லொப் அந்த வாக்கியத்தைத் தானாகச் சேர்த்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கூட்டிச் சொல்லவும் வேண்டாம்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. மனு நிராகரிக்கப்பட்டது. அதைத் தமிழில் வாசித்துச் சொன்னதும் முஹ்ஸின்தான். செல்லச்சாமி கேட்டுவிட்டு, பாப்பம்மாவுக்கு அந்தக் காம்பரா திரும்பக் கிடைத்ததா என்று விசாரித்தான். முஹ்ஸினுக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னார்.

தூக்கிலிட்ட நாள் காலை பத்து மணிக்குப் பாப்பம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிறை வாசலில் நின்றாள். காவலன் சிங்களத்தில் விரட்டினான். முஹ்ஸின் வெளியே வந்தார்.

"ஐயா, அவர எங்ககிட்ட குடுப்பாங்களா?"

"இல்லம்மா. உள்ளுக்கே அடக்கிட்டாங்க."

"எந்தப் பக்கமுங்க?"

அடக்கிய இடத்தை வெளியே சொல்லக் கூடாது என்பது சிறை விதி. முஹ்ஸின் காவலனைப் பார்த்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது.

"பின் மதிலுக்குக் கிட்ட. ரெண்டு பலா மரம் நிக்கிது. அதுக்கு நடுவுல" என்றார்.

"எங்க மலையிலயிருந்து பாத்தா தெரியுமுங்களா?"

"மரம் தெரியும்."

அவள் தலையாட்டினாள். காவலன் என்ன பேச்சு என்று கேட்டான். உடுப்பைக் கேட்டு வந்திருக்கிறாள் என்று முஹ்ஸின் சிங்களத்தில் சொன்னார். பதினெட்டு வருடத்தில் அவர் பொய்யாக மொழிபெயர்த்தது அந்த ஒரு முறைதான். பிறகு உள்ளே போய், பதிவேட்டில் கையொப்பமிட்டு, அன்றைய வேலையைத் தொடங்கினார்.