யூசுப் அண்ணனின் குரல் யாரிடமாவது இருக்கிறதா?

யூசுப் அண்ணன் போய்விட்டார். நேற்று சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் ஆகிவிட்டது...

திருச்சியில் ரேடியோ கேட்டவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சாயங்காலம் "வணக்கம் நேயர்களே, டீ குடிச்சாச்சா?" என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். நிலையத்தில் அவருக்குப் பக்கத்து சீட் எனக்கு. நிலையத்தின் பெயரை எழுதவில்லை, எழுதினால் நாளைக்கே மெமோ வரும்.

இது அழுவதற்காக மட்டும் போடுகிற பதிவு இல்லை. கடைசி வரை படியுங்கள், ப்ளீஸ்.

எங்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஒரே ஒரு நாள் ட்ரெய்னிங் கொடுத்தார்கள். வந்தவர் இங்கிலீஷில் மளமளவென்று ஸ்லைடு ஓட்டிவிட்டு "எனி டவுட்ஸ்?" என்றார். எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு எழுந்தோம்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "சித்ராம்மா, உங்களுக்கு ஏதாவது புரிஞ்சுதா?"

"இல்லண்ணே."

"அப்பாடா... நான் மட்டும்தான் மக்குன்னு நெனச்சேன்."

அப்புறம் ஒரு நாள் லைவ் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்க்ரீன் கறுப்பாகிவிட்டது. மௌஸைக் கொஞ்சம் அசைத்திருந்தால் போதும். தொட்டால் இன்னும் கெட்டுவிடும் என்று பயந்து, கையைக் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

முக்கொம்பில் தண்ணீர் திறந்ததை, கொள்ளிடம் பாலத்தில் ஜனம் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பதை, பக்கத்தில் மீன் பொரிக்கிற வாசனையை... ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன், மனுஷனுக்கு வியர்த்து ஊற்றுகிறது. குரலில் மட்டும் ஒரு பதற்றம் இல்லை.

மறுநாள் திருவெறும்பூரிலிருந்து ஒரு நேயர் போன் செய்து, "நேத்து மாதிரியே தினமும் பேசச் சொல்லுங்க" என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் இன்ஜினியர் இரக்கப்பட்டு, அண்ணனுடைய நிகழ்ச்சிகளை எல்லாம் டெஸ்க்டாப்பில் வரிசையாக வைத்துக் கொடுத்தார். பெயர் மேல் மௌஸால் இரண்டு தட்டு தட்டினால் ஓடும். "இது போதும்ங்க, இனிமே நான் ராஜா" என்றார் அண்ணன்.

சில வருஷம் கழித்துப் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிப்போடச் சொல்லி ஆர்டர் வந்தது. அவரவர் நிகழ்ச்சியை அவரவரே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எப்படி எடுப்பது என்று சொல்லித் தர ஒரு ஆள் இல்லை. அந்த இன்ஜினியர் ட்ரான்ஸ்ஃபரில் போயிருந்தார். மகள் பிரசவத்துக்காக நானும் லீவ். அண்ணன் சிங்காரத்தோப்பில் ஒரு பென் டிரைவ் வாங்கிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார்...

ரிட்டயர் ஆன கொஞ்ச நாளில் தொண்டையில் கேன்சர். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். பேசியே பிழைத்த மனுஷன்...

பாலக்கரை வீட்டில் போய்ப் பார்த்தபோது போனில் ஒற்றை விரலால் டைப் செய்து காட்டினார். "என் குரல் பென் டிரைவ்ல பத்திரமா இருக்கு. பேத்தி பெரிசானா கேக்கட்டும்."

அந்தக் குழந்தை பிறந்ததே ஆபரேஷனுக்கு அப்புறம்தான். தாத்தா பேசி அவள் கேட்டதே இல்லை.

"ப்ளேயர்ல போட்டா ஓட மாட்டேங்குதும்மா" என்றார் அண்ணி. அண்ணன் சிரித்துக்கொண்டே, கோளாறு அதில்தான் என்பதுபோல் அந்தப் பழைய ப்ளேயரைக் கை காட்டினார்.

இன்று காலை அவர் மகள் நஸ்ரின் போன் செய்தாள். "ஆன்ட்டி, லேப்டாப்ல போட்டுப் பாத்தேன். மணப்பாறை மாட்டுச் சந்தை, முறுக்கு சுடுறவங்க, எல்லா நிகழ்ச்சிப் பேரும் இருக்கு. ஆனா க்ளிக் பண்ணா ஒண்ணுமே ஓடல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

ஓடினேன். எனக்கும் புரியவில்லை. ஸ்க்ரீனைப் போட்டோ எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். "அத்தை, இதெல்லாம் வெறும் ஷார்ட்கட். பாட்டு, பேச்சு எதுவும் இதுல கிடையாது" என்றார்.

அண்ணன் டெஸ்க்டாப்பில் தெரிந்த படங்களை மட்டும் காப்பி எடுத்திருக்கிறார். குரல் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டு விலாசத்தை மட்டும் எழுதி எடுத்து வந்த மாதிரி... வீட்டை இடித்துவிட்டார்கள்.

நிலையத்துக்கு அடித்தேன். "அதெல்லாம் அழிச்சு ஏலத்துல போயாச்சு மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நஸ்ரின் கல்யாண வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அண்ணன் வாய் அசைகிறது, எல்லாரும் சிரிக்கிறார்கள், மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சத்தமே இல்லாமல் விலை பேசுவார்களே, அதைக்கூட ரேடியோவில் கண்ணால் பார்த்த மாதிரி சொன்ன மனுஷன். ஒரு நிமிஷக் குரல் மிச்சம் இல்லையா?

யாராவது ரேடியோவிலிருந்து ரெக்கார்ட் செய்திருக்கிறீர்களா? கேசட், மெமரி கார்டு, பழைய போன்... எதுவானாலும் சரி. பின்னால் மிக்ஸி ஓடினாலும் பரவாயில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், தேடுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் பழைய போனைச் சார்ஜ் போட்டுத் தேடியதில் ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் கிடைத்தது. நான் லீவில் இருந்தபோது அண்ணன் அனுப்பியது. மத்தியானம் நஸ்ரினுக்கு அனுப்பி வைத்தேன்.

"சித்ராம்மா! எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டேன். யாரையும் கேக்கல, நானே பண்ணிட்டேன்! ஒண்ணு விடல!"

அவ்வளவுதான்.

குழந்தை அதையே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறாளாம். "தாத்தா என்ன பண்ணிட்டாங்கம்மா?" என்று கேட்கிறாளாம்.

தூங்குங்கண்ணே...