ராஜாம்பாள் நீட்டிய இரண்டு பீக்கர்

ராஜாம்பாள் ஓர் அதட்டுப் போட்டால், சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத மெஷினே மூச்சடக்கி நின்றுவிடும். சரி, சரி, மெஷின் நின்றதில்லை. பள்ளிக்கூட மணி அடிக்கிறவர் ஒருமுறை நின்றார். ராஜாம்பாள் பக்கத்து வடக்குத்து ஊரிலிருந்து சைக்கிளில் வந்து, சுரங்க டவுன்ஷிப் பள்ளியொன்றின் கெமிஸ்ட்ரி லேபைப் பதினாறு வருஷமாகக் கட்டி மேய்ப்பவள். இன்னும் கான்ட்ராக்ட் அட்டெண்டர்தான்.

அன்று பிராக்டிகல் முடிகிற நேரம். சுரங்கக் குவார்ட்டர்ஸ் பையன் சுதாகர் வாயை விட்டான்.

"எங்கப்பா ஓட்டுற மெஷின்தான்டா உங்க வயல வாரிச்சு."

சுரங்கத்துக்கு வயலைப் பறிகொடுத்த வளையமாதேவி ஊர்த் தமிழ்மாறன் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கிவிட்டான். ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவன். இன்னொரு அடிதடி என்றால் டி.சி. பரீட்சைக்கு எட்டே நாள்.

சுதாகரின் கூட்டாளிகள் ஓடிவருவதைக் கண்ட ராஜாம்பாள், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை ஓங்கித் தட்டி இறக்கினாள். பிறகுதான் உறைத்தது: மழையில் உப்பிய கதவு. அப்படி இறக்கினால் தாழ் திரும்ப ஏறாது. தச்சர்தான் வர வேண்டும். ஜன்னலெல்லாம் கம்பி.

கத்தவில்லை அவள். ஆசிட் என்று சீட்டு ஒட்டிய பாட்டிலை எடுத்தாள். காலிப் பாட்டிலைத் தூக்கிப் போட மனம் வராமல், காலையில் அவளே குழாய்த் தண்ணீர் பிடித்து வைத்தது. இரண்டு பீக்கரில் தளும்பத் தளும்ப ஊற்றி, ஆளுக்கொன்றாக மார்புக்கு நேரே நீட்டினாள்.

"புடிங்கடா. ஒரு சொட்டு சிந்துச்சு, காலு ஓட்டை!"

"யக்கா, இன்னாத்துக்கு..."

"பேசாத. மூச்சு வுட்டாலே தளும்பும்."

ஸ்டாண்டைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் பிடித்தான் தமிழ்மாறன்.

பத்து நிமிஷம் போயிற்று. வெளியே கதவை உதைக்கிறார்கள். உள்ளே புழுக்கம். பையன்களுக்குக் கை கடுத்தது. ராஜாம்பாளால் வாங்கி வைக்கவும் முடியாது. கை காலியானால் ஸ்டாண்ட் எழும்பும்.

"ஆடாதடா," என்றான் சுதாகர் தமிழ்மாறனிடம்.

"நீ மொதல்ல மூச்சு வாங்காத."

கடைசியில் தச்சர் கதவைப் பெயர்த்தார். தலைமையாசிரியர் பாட்டிலையும் தரையில் கிடந்த ஸ்டாண்டையும் பார்த்து வெளுத்துப்போனார்.

"பசங்க கையில ஆசிட்டா? இங்க என்னம்மா அடிதடி? ஸ்டாண்டத் தூக்கினது யாரு?"

ஆசிட் என்றால் அவள் வேலை போகும். அடிதடி என்றால் தமிழ்மாறன் போவான்.

"ஆசிட்டுதாங்க சார். பிராக்டிகல் செஞ்சிக்கினு இருக்காங்க. என் தப்புதான்."

"அக்கா புளுகுறாங்க சார்," என்றான் சுதாகர். "வெறும் தண்ணி. அப்பவே என் கையில சிந்திடுச்சு, அவன் கையிலயும்தான். எரியவே இல்ல. அடிதடியெல்லாம் இல்ல. நாங்களாதான் கீழ வைக்காம நிக்கிறோம்."